44 வேணும், 43தான் இருக்கு: ஒரு சட்டசபையின் கணக்கு

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கணக்குதான். பயப்படாதீங்க, கூட்டலும் கழித்தலும் தெரிஞ்சா போதும். 43, 41, 3. இந்த மூணு எண்ணையும் மனசுல வச்சுக்குங்க. ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே பஸ்ல போறவங்க போன் நோட்ஸ்ல போட்டு வச்சுக்கிட்டாலும் சரி. திரும்பத் திரும்ப இதுக்குத்தான் வரப்போறோம்.

கனடாவோட மேற்கு ஓரத்துல, பசிபிக் கடலை ஒட்டி இருக்கற மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. வான்கூவர் இருக்கற மாகாணம்னு சொன்னா உடனே புரியும். ஆனா தலைநகர் வான்கூவர் கிடையாது. கடலைத் தாண்டி ஒரு தீவுல இருக்கற விக்டோரியா. சட்டசபை அங்கதான். அமைப்பு நமக்கு ரொம்பப் பழக்கமானது, ரெண்டு ஊருக்கும் பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன அதே அச்சுதானே. முதல்வருக்கு அங்க பிரீமியர்னு பேரு. கவர்னருக்கு லெப்டினன்ட் கவர்னர். நம்ம ஊர்ல மாதிரியே தொகுதிக்கு ஒருத்தர், யாருக்கு அதிக ஓட்டோ அவர் எம்எல்ஏ.

2017 மே 9. மாகாணத் தேர்தல். மொத்தம் 87 தொகுதி. பெரும்பான்மைக்கு 44 வேணும். பதினாறு வருஷமா ஆட்சியில இருந்த லிபரல் கட்சிக்கு 43. எதிர்க்கட்சியான புதிய ஜனநாயகக் கட்சிக்கு 41. அந்தக் கட்சியை இனிமே என்டிபின்னே சொல்றேன். பசுமைக் கட்சிக்கு 3.

ஒரு சின்ன விளக்கம். இந்த லிபரல் கட்சியை அப்போ ஜஸ்டின் ட்ரூடோ தலைமையில இருந்த கட்சியோட குழப்பிக்காதீங்க. பேரு ஒண்ணு, கட்சி வேற. பிரிட்டிஷ் கொலம்பியா லிபரல்ங்கிறது வலதுசாரிப் பக்கம் சாய்ஞ்ச ஒரு கூட்டு. என்டிபியை எப்படியாவது வெளியில வைக்கணும்ங்கிற ஒரே ஆசையில சேர்ந்தவங்கன்னு சொன்னா பெரிய தப்பில்ல.

ஓட்டு சதவீதம் பாத்தா இன்னும் வேடிக்கை. லிபரலுக்கு 40.36, என்டிபிக்கு 40.28. ஒரு சதவீதத்துல பத்துல ஒரு பங்குகூட வித்தியாசம் இல்ல.

இதுல கோர்ட்னி-கோமாக்ஸ்னு ஒரு தொகுதி, விக்டோரியா இருக்கற அதே தீவுல. தேர்தல் ராத்திரி எண்ணி முடிச்சப்போ என்டிபி வேட்பாளர் ரோனா ரே லெனார்ட் 9 ஓட்டு முன்னாடி. ஒன்பதே ஓட்டு. அந்தத் தொகுதியில ஒரு விமானப்படைத் தளம் இருக்கு. லிபரல் வேட்பாளர் ஜிம் பென்னிங்கர் அந்தத் தளத்தோட முன்னாள் கமாண்டர். வெளியூர்ல இருந்து போட்ட ஓட்டுங்க இன்னும் எண்ணல. படைவீரர்கள் ஓட்டு யாருக்குப் போகும்னு யோசிச்சுப் பாருங்க. இந்த ஒரு தொகுதி லிபரல் பக்கம் திரும்பியிருந்தா அவங்களுக்கு 44. கதை முடிஞ்சது, நான் இந்த எபிசோட் பண்ணவே வேண்டியதில்ல. ரெண்டு வாரம் மாகாணமே காத்திருந்தது. மே 24-ல எல்லாத்தையும் எண்ணி முடிச்சா, என்டிபி 189 ஓட்டுல ஜெயிச்சிருக்கு.

அந்த 189 ஓட்டுக்குப் பின்னாடி என்ன இருந்ததுன்னு சொல்லணும், இல்லன்னா இது வெறும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆயிடும். அல்பெர்ட்டாவுல இருந்து கடற்கரை வரைக்கும் எண்ணெய் கொண்டு வர்ற டிரான்ஸ் மவுண்டன் குழாயை ரெண்டு மடங்குக்கு மேல பெரிசாக்குறதா வேண்டாமா. பீஸ் நதியில பல நூறு கோடி டாலர்ல கட்டிட்டிருந்த சைட் சி அணையைத் தொடர்றதா நிறுத்துறதா. கம்பெனிங்க கட்சிகளுக்கு அளவே இல்லாம நன்கொடை கொடுக்கலாம்ங்கிற நிலைமை அப்போ அங்க இருந்தது, அதை விடுறதா தடுக்கறதா. இது எல்லாத்துக்கும் விடை யார் கையில 44 இருக்குங்கிறதுலதான்.

மே 29-ல என்டிபி தலைவர் ஜான் ஹோர்கனும் பசுமைக் கட்சித் தலைவர் ஆண்ட்ரூ வீவரும் சேர்ந்து வந்து ஒப்பந்தத்தை அறிவிச்சாங்க. வீவர் அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி பருவநிலை விஞ்ஞானி. கூட்டணி ஆட்சி இல்ல இது, கவனிங்க. மந்திரி பதவி எதுவும் கேக்கல. நம்பிக்கை ஓட்டுலயும் பட்ஜெட்லயும் உங்களை ஆதரிப்போம், மத்ததுல எங்க இஷ்டம். நம்ம ஊர்ல வெளியில இருந்து ஆதரவுன்னு சொல்வோமே, அதேதான். 41-ம் 3-ம் 44.

அப்போ பிரீமியரா இருந்த கிறிஸ்டி கிளார்க் உடனே ராஜினாமா பண்ணிடுவாங்கன்னுதானே நினைப்போம்? பண்ணல. பண்ண வேண்டிய அவசியமும் இல்ல. பதவியில இருக்கறவங்க சபையைச் சந்திச்சு அங்க தோத்த பிறகு போகலாம், அது அவங்க உரிமை. ஜூன் 22-ல சபை கூடுச்சு. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் வருது.

சபை கூடினதும் முதல் வேலை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கறது. சபாநாயகர் சாதாரணமா ஓட்டுப் போட மாட்டார். ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும் போடுவார். அதாவது எந்தக் கட்சி தன் ஆளை அந்த நாற்காலியில உக்கார வைக்குதோ, அந்தக் கட்சிக்கு ஒரு ஓட்டு குறையும். 70 சீட்டு வித்தியாசத்துல ஜெயிச்சவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆனா 44-க்கு 43-ன்னு இருக்கறப்போ? லிபரல் கட்சி அப்போதைக்கு ஆளும் கட்சி, அதனால தன் ஆளான ஸ்டீவ் தாம்சனை உக்கார வச்சுது. இப்போ கணக்கு 44-க்கு 42.

அன்னைக்கே லெப்டினன்ட் கவர்னர் உரை. அதைக் கேட்டவங்க வாயடைச்சுப் போயிருப்பாங்க. தேர்தல் நேரத்துல லிபரல் கட்சி எதையெல்லாம் முடியாதுன்னு சொல்லுச்சோ, அதெல்லாம் அதுல இருந்தது. கம்பெனி நன்கொடைக்குத் தடை, ஏழைகளுக்கான உதவித்தொகை மாசம் 100 டாலர் உயர்வு, இப்படி எதிர்க்கட்சிகளோட அறிக்கையை எடுத்து எழுதின மாதிரி. அதோட நிக்கல. சபையில அங்கீகரிக்கப்பட்ட கட்சின்னு பேர் வாங்கணும்னா அப்போ குறைஞ்சது 4 எம்எல்ஏ வேணும். பசுமைக் கட்சிக்கு 3 பேர்தானே. அந்த எண்ணை 3 ஆக்குறோம்னு கிளார்க் அரசு ஒரு மசோதா கொண்டு வந்தது. பசுமைக் கட்சிக்குன்னே தச்ச சட்டை. பசுமைக் கட்சிக்காரங்க என்ன பண்ணினாங்க? என்டிபியோட சேர்ந்து அதை அறிமுகக் கட்டத்துலயே தோற்கடிச்சாங்க. தனக்கு லாபமான மசோதாவுக்கு எதிரா ஓட்டுப் போட்ட கட்சியை நான் அதிகம் பாத்ததில்ல. நன்கொடைத் தடை மசோதாவுக்கும் அதே கதிதான். இவங்க கையால வேண்டாம், நாங்க வந்து நாங்களே பண்ணிக்கறோம்ங்கிறது நிலைப்பாடு.

ஜூன் 29. நம்பிக்கையில்லாத் தீர்மானம். 44-க்கு 42. அரசு தோத்துடுச்சு.

கிளார்க் நேரா லெப்டினன்ட் கவர்னர் மாளிகைக்குப் போனாங்க. அப்போ அந்தப் பதவியில இருந்தவங்க ஜூடித் கிஷோன். மாட்டுப் பண்ணை நடத்துற குடும்பம், அரசியல்வாதி இல்ல. சம்பிரதாயமா ரிப்பன் வெட்டுறது, மசோதாவுல கையெழுத்துப் போடுறதுன்னு போயிட்டிருந்த பதவி. திடீர்னு ஒரு சாயங்காலம் அவங்க தனியா ஒரு முடிவு எடுக்கணும். முன்னாடி தேர்தல் கேக்க மாட்டேன்னு சொல்லியிருந்த கிளார்க், உள்ள போனதும் சபையைக் கலைச்சுட்டு மறுபடி தேர்தல் வைக்கச் சொல்லிக் கேட்டாங்க. வெளியில பத்திரிகைக்காரங்க கூட்டம்.

பிரீமியர் சொன்னா கேக்கணும்ங்கிறதுதான் மரபு. மறுக்கறது ரொம்ப அபூர்வம். கனடாவுல இதுக்குப் பேர்போன உதாரணம் 1926. பிரதமர் மெக்கன்சி கிங் கலைக்கச் சொல்லி கவர்னர் ஜெனரல் பிங் பிரபு மாட்டேன்னுட்டார், எதிர்க்கட்சித் தலைவர் மீகனைக் கூப்பிட்டார். மீகன் அரசு சில நாள்லயே கவிழ்ந்தது. அப்புறம் வந்த தேர்தல்ல, லண்டன்ல இருந்து வந்த ஒரு பிரபு நம்ம பிரதமரை எப்படி மறுக்கலாம்னு கேட்டே கிங் ஜெயிச்சு வந்துட்டார். அந்த நினைப்பு கனடா அரசியல்ல இன்னும் ஆறாம இருக்கு. மறுத்தாலும் வம்பு, ஒத்துக்கிட்டாலும் வம்பு.

கிஷோன் மறுத்தாங்க. தேர்தல் முடிஞ்சு ஏழு வாரம்தான் ஆகுது, 44 பேர் கையெழுத்துப் போட்ட இன்னொரு அணி தயாரா இருக்கு. அதே சாயங்காலம் ஹோர்கனை வரச்சொல்லி ஆட்சி அமைக்கச் சொன்னாங்க. என் அபிப்பிராயம் கேட்டா, அவங்க செஞ்சது சரி. கவர்னர்ங்கிறவங்க ஒரு தனி ஆளா தன் இஷ்டத்தைக் காட்டல. சபையில யாருக்கு எண்ணிக்கை இருக்குன்னு மட்டும் பாத்தாங்க. நம்ம நாட்டு ராஜ்பவன் கதைகளைப் படிச்சு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும்.

ஜூலை 18-ல ஹோர்கன் பதவி ஏத்தார். ஆனா கணக்கு தீரல. தாம்சன் ஏற்கனவே சபாநாயகர் பதவியை விட்டுட்டார். லிபரல் கட்சி, எங்க ஆள் யாரும் அந்த நாற்காலிக்கு வர மாட்டாங்கன்னு உறுதியா நின்னுது. அப்போ என்டிபி-பசுமை அணியில ஒருத்தர் உக்காரணும். உக்காந்தா 43-க்கு 43. ஒவ்வொரு ஓட்டுக்கும் சபாநாயகர் தீர்க்கணும். பிரிட்டன்ல 1860-கள்ல டெனிசன்னு ஒரு சபாநாயகர் வகுத்த மரபு உண்டு. சமமா வந்தா சபாநாயகர் விவாதம் தொடர்ற பக்கம் போடலாம், ஆனா இல்லாத பெரும்பான்மையை தன் ஓட்டால உருவாக்கக் கூடாது. இது மரபுதான், சட்டம் இல்ல. ஆனா தினமும் இதை மீறியே ஒரு ஆட்சி ஓடணும்னா நல்லாவா இருக்கும்? அதோட, ஒரே ஒரு எம்எல்ஏவுக்கு காய்ச்சல் வந்தாலும் அரசு ஆட்டம் காணும்.

இங்க ரெண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தது. ஜூலை 28-ல கிளார்க் கட்சித் தலைமையையும் எம்எல்ஏ பதவியையும் விடறதா அறிவிச்சாங்க. லிபரல் 42 ஆச்சு. செப்டம்பர் 8-ல சபை மறுபடி கூடுச்சு. சபாநாயகர் நாற்காலியில வந்து உக்காந்தவர் டாரில் பிளெகாஸ். அபட்ஸ்ஃபோர்ட் சவுத் தொகுதி எம்எல்ஏ, குற்றவியல் பேராசிரியர். லிபரல் கட்சிக்காரர்!

கட்சிக்குள்ள அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்குங்க. துரோகின்னாங்க. உடனே கட்சியை விட்டு நீக்கினாங்க. புது நிலவரம்: என்டிபி 41, பசுமை 3, லிபரல் 41, கட்சி சாராத சபாநாயகர் ஒருத்தர், காலி இடம் ஒண்ணு. எல்லாரும் பயந்துட்டிருந்த சமநிலை ஒரே காலையில மூணு ஓட்டு வித்தியாசமாச்சு.

நம்ம ஊரா இருந்தா அவர் பதவியே போயிருக்குமோன்னு கேப்பீங்க. சபாநாயகர் பதவிக்கு நம்ம கட்சித் தாவல் தடைச் சட்டத்துலயும் ஒரு விலக்கு உண்டு, அது வேற விஷயம். ஆனா அங்க அப்படி ஒரு சட்டமே இல்ல. எம்எல்ஏ எப்போ வேணா கட்சியை விட்டு வெளியில வந்து உக்காரலாம். அதுக்குப் பதிலா மக்கள்கிட்ட ஒரு ஆயுதம் இருக்கு, அதுதான் திரும்பப் பெறும் உரிமை. தேர்தல் முடிஞ்சு 18 மாசம் ஆன பிறகு, தொகுதியில பதிவான வாக்காளர்கள்ல 40 சதவீதம் பேர்கிட்ட 60 நாளைக்குள்ள கையெழுத்து வாங்கினா எம்எல்ஏ வீட்டுக்குப் போகணும். 1990-கள்ல வந்த சட்டம். கேக்க சுலபம், நடத்திப் பாத்தாதான் தெரியும். நிஜமாவே ஒருத்தர் சீட்டு போற அளவுக்குப் போனது ஒரே தடவை, 1998-ல. பால் ரைட்ஸ்மான்னு ஒரு லிபரல் எம்எல்ஏ, தன்னைத் தானே புகழ்ந்தும் எதிரிகளைத் திட்டியும் பொய்ப் பேர்ல பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதிட்டிருந்தார். மாட்டிக்கிட்டார். கையெழுத்து சரிபார்ப்பு முடியறதுக்குள்ள அவரே ராஜினாமா பண்ணிட்டார். இன்னைக்கா இருந்தா ஃபேக் ஐடின்னு சொல்லிட்டு ரெண்டு நாள்ல மறந்திருப்போம்.

பிளெகாஸ் கதை அங்க முடியல. சபாநாயகரான பிறகு சட்டசபை நிர்வாகத்துல நடந்த செலவுகளைத் தோண்ட ஆரம்பிச்சார். 2019 ஜனவரியில அவர் வெளியிட்ட அறிக்கையில வெளிநாட்டுப் பயணம், துணிமணி, மரம் பிளக்கற மெஷின் வரைக்கும் இருந்தது. சட்டசபையோட தலைமை அதிகாரி மேல வழக்கு நடந்து, 2022-ல துணிமணி வாங்கின செலவு சம்பந்தமா குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது. மரம் பிளக்கற மெஷின் விவகாரத்துல அவர் குற்றவாளி இல்லன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா ஊர் ஞாபகத்துல நின்னது என்னமோ அந்த மெஷின்தான்.

கிளார்க் விட்டுட்டுப் போன கெலோனா வெஸ்ட் தொகுதியைப் பத்தி ஒரு வரி. 2013 தேர்தல்ல கட்சி ஜெயிச்சும் கிளார்க் தன் சொந்தத் தொகுதியில தோத்தாங்க. அவங்களைத் தோற்கடிச்சவர் பேரு டேவிட் ஈபி, இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க. அப்போ கெலோனாவுல ஜெயிச்சிருந்த பென் ஸ்டூவர்ட் தன் சீட்டை ராஜினாமா பண்ணி தலைவிக்குக் கொடுத்தார். கிளார்க் விலகினதும் 2018 பிப்ரவரி இடைத்தேர்தல்ல அதே ஸ்டூவர்ட் நின்னு ஜெயிச்சார். லிபரல் 42.

அடுத்தது 2019 ஜனவரி. நனைமோ தொகுதி என்டிபி எம்எல்ஏ அந்த ஊர் மேயராகிட்டதால இடைத்தேர்தல். இதுல லிபரல் ஜெயிச்சா 43-க்கு 43, எல்லாம் பிளெகாஸ் கையில. ஒரு இடைத்தேர்தல்ல மாகாண அரசே தொங்கிட்டிருந்தது. என்டிபி தக்க வச்சுக்கிச்சு. ஹோர்கன் அரசு தப்பிச்சது.

இத்தனை ஒல்லியான பெரும்பான்மை வச்சுக்கிட்டு என்ன சாதிச்சாங்கன்னு கேட்டா, கலவைதான். கம்பெனி, தொழிற்சங்க நன்கொடைக்குத் தடை வந்தது. கட்சி அங்கீகாரத்துக்கான எண்ணிக்கை 4-ல இருந்து 2 ஆச்சு. ஆனா சைட் சி அணையை நிறுத்தல. 2017 டிசம்பர்ல தொடர்றதுன்னு ஹோர்கன் முடிவெடுத்தார், பசுமைக் கட்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது. தேர்தல் முறையையே மாத்தலாமான்னு 2018-ல பொது வாக்கெடுப்பு வச்சாங்க. பழைய முறையே இருக்கட்டும்னு 61 சதவீதம் பேர் சொல்லிட்டாங்க.

அந்த 61 சதவீதத்தைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். இந்த மாகாணத்தோட பழைய எண்கள் ஒவ்வொண்ணும் ஒரு கதை.

1952. அப்போ 48 சீட்டு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஆட்சியில இருந்தது லிபரல்-கன்சர்வேட்டிவ் கூட்டணி. இடதுசாரிக் கட்சியான சிசிஎஃப் வந்துடக் கூடாதுன்னு தேர்தல் முறையையே மாத்தினாங்க. 1, 2, 3-ன்னு வரிசைப்படுத்தி ஓட்டுப் போடணும். நம்ம ரெண்டு கட்சி ஆளுங்களும் ஒருத்தருக்கு ஒருத்தர் ரெண்டாவது ஓட்டைப் போட்டுக்குவாங்க, சிசிஎஃப் காலிங்கிறது கணக்கு. மக்கள் என்ன பண்ணினாங்கன்னா, ரெண்டாவது ஓட்டை யாரும் மதிக்காத சோஷியல் கிரெடிட்னு ஒரு சின்னக் கட்சிக்குப் போட்டாங்க. எண்ணி முடிக்கவே வாரக்கணக்காச்சு. முடிவு: சோஷியல் கிரெடிட் 19, சிசிஎஃப் 18, லிபரல் 6, கன்சர்வேட்டிவ் 4, தொழிலாளர் கட்சி சார்பில ஒருத்தர். முதல் விருப்ப ஓட்டுல முன்னாடி இருந்தது சிசிஎஃப். ஆட்சி அமைச்சது சோஷியல் கிரெடிட். அந்தக் கட்சிக்கு அப்போ சட்டசபைத் தலைவர்கூட இல்ல, தேர்தல் முடிஞ்ச பிறகு கூடித்தான் டபிள்யூ.ஏ.சி. பென்னட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. தற்காலிக ஏற்பாடுன்னு எல்லாரும் நினைச்ச அந்த மனுஷன் இருபது வருஷம் பிரீமியரா இருந்தார். மத்தவனைக் கவுக்கறதுக்காக விதியை மாத்தினவங்க கதி, 6-ம் 4-ம்.

1996-ல வேற மாதிரி. லிபரலுக்கு ஓட்டு அதிகம், 41.8 சதவீதம். சீட்டு 33. என்டிபிக்கு 39.5 சதவீதம். சீட்டு 39. ஆட்சி என்டிபிக்கு.

அஞ்சு வருஷம் கழிச்சு 2001-ல மக்கள் தீர்த்துக்கிட்டாங்க. மொத்தம் 79 சீட்டு. லிபரல் 77. என்டிபி 2. அந்த ரெண்டு பேரும் வான்கூவர் பெண்கள், ஜாய் மெக்ஃபெயிலும் ஜென்னி குவானும். 4 பேர் இல்லாததால அவங்களை எதிர்க்கட்சின்னு அங்கீகரிக்க பிரீமியர் கார்டன் கேம்பெல் மறுத்துட்டார். அங்கீகாரம் இல்லன்னா ஆய்வுப் பணியாளர்களுக்கான பணம், கேள்வி நேரத்துல முன்னுரிமை எல்லாம் போச்சு. ஒவ்வொரு துறை மசோதாவையும் ரெண்டு பேர் படிச்சு, ரெண்டு பேர் எதிர்க்கணும். என்டிபிக்கு அந்தத் தேர்தல்ல கிடைச்ச ஓட்டு 21 சதவீதத்துக்கு மேல. அஞ்சுல ஒருத்தர் ஓட்டுப் போட்டும், 79-ல ரெண்டு நாற்காலி. அடுத்த மூணு வருஷத்துக்கும் மேல எதிர்க்குரல் பெரும்பாலும் அந்த ரெண்டு நாற்காலியில இருந்துதான் வந்தது.

தோத்தவங்கள்ல அப்போதைய பிரீமியரே ஒருத்தர், உஜ்ஜல் டோசாஞ்ச். 2000-ல பதவிக்கு வந்தவர், கனடாவுல ஒரு மாகாணத்துக்குப் பிரீமியரான முதல் இந்திய வம்சாவளிக்காரர். சொந்தத் தொகுதியிலயே தோத்துப் போனார்.

இங்க நான் கொஞ்சம் நிக்கறேன். இவ்வளவு நேரம் யாருக்கு எத்தனை சீட்டுன்னு பேசிட்டிருந்தோம். இந்தச் சபையில யார் உக்காரலாம்ங்கிறதுக்கே ஒரு வரலாறு இருக்கு. சீனர்களையும் அந்த மண்ணோட பூர்வகுடிகளையும் 1870-கள்லயே வாக்காளர் பட்டியல்ல இருந்து விலக்கினது இதே சட்டசபை. 1895-ல ஜப்பானியர்கள். 1907-ல நம்ம ஆளுங்க. சீக்கியர், முஸ்லிம் யாரா இருந்தாலும் சட்டத்துல எல்லாருக்கும் ஒரே பேரு, இந்து. ஓட்டு இல்லன்னா எம்எல்ஏ ஆக முடியாதுங்கிறது மட்டும் இல்ல. வக்கீல், மருந்தாளுநர் மாதிரி தொழில்களுக்கு வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும்னு விதி. படிச்சும் அந்த வேலைக்குப் போக முடியாது. சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் 1947-ல ஓட்டு திரும்பக் கிடைச்சது. பூர்வகுடிகளுக்கும் ஜப்பானியர்களுக்கும் 1949. அந்த வருஷமே நிஸ்கா இனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கால்டர் ஜெயிச்சு உள்ள வந்தார், சட்டப்படி பூர்வகுடியா பதிவானவங்கள்ல கனடாவுல ஒரு சட்டசபைக்குப் போன முதல் உறுப்பினர். சிசிஎஃப் சார்பில.

சரி, நம்ம 43, 41, 3 என்ன ஆச்சுன்னு பாத்துடலாம்.

2020 ஜனவரியில வீவர் பசுமைக் கட்சி அணியை விட்டு வெளியில வந்து சுயேச்சையா உக்காந்தார். 2020 செப்டம்பர்ல, பெருந்தொற்றுக்கு நடுவுல, ஹோர்கன் திடீர்னு தேர்தல் அறிவிச்சார். குறிச்ச தேதிக்கு முன்னாடி தேர்தலுக்குப் போக மாட்டோம்ங்கிறது பசுமைக் கட்சியோட போட்ட ஒப்பந்தம். அந்தக் கட்சிக்குப் புதுத் தலைவர் சோனியா ஃபர்ஸ்டெனோ வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவங்க ஆதரவுல மூணு வருஷம் நின்னவர், அவங்க காலூன்றறதுக்குள்ள களத்தை மாத்திட்டார். எனக்கு இது பிடிக்கல. ஓட்டுப் போட்டவங்களுக்குப் பிடிச்சிருந்தது: என்டிபி 57, லிபரல் 28, பசுமை 2.

ஹோர்கன் 2022-ல உடல்நிலை காரணமா விலகினார், 2024 நவம்பர்ல காலமானார். அவருக்கு அடுத்து பிரீமியரானது டேவிட் ஈபி, 2013-ல கிளார்க்கைத் தோற்கடிச்சாரே, அவரேதான். லிபரல் கட்சி 2023-ல பேரை மாத்திக்கிட்டது, பிசி யுனைடெட்னு. பேர் மாத்தினது எடுபடல. 2024 ஆகஸ்ட் கடைசியில, தேர்தலுக்கு ரெண்டு மாசம்கூட இல்லாதப்போ, கட்சித் தலைவர் கெவின் ஃபால்கன் பிரச்சாரத்தையே நிறுத்தறதா அறிவிச்சார். 2001-ல 79-க்கு 77 ஜெயிச்ச கட்சி. அதோட இடத்தைப் பிடிச்சது கன்சர்வேட்டிவ் கட்சி. அப்போ அதோட தலைவரா இருந்த ஜான் ரஸ்டாட், ரெண்டு வருஷம் முன்னாடி அதே லிபரல் அணியில இருந்து வெளியேத்தப்பட்டவர்.

2024 அக்டோபர் 19. இப்போ 93 சீட்டு, பெரும்பான்மைக்கு 47. என்டிபி 47, கன்சர்வேட்டிவ் 44, பசுமை 2. அந்த 47-வது சீட்டு சர்ரே-கில்ட்ஃபோர்ட். மறு எண்ணிக்கைக்கு அப்புறம் வித்தியாசம் 22 ஓட்டு.

47-ல ஒருத்தர் சபாநாயகர் நாற்காலிக்குப் போகணும். போனவர் ராஜ் சவுகான், 2020-ல இருந்தே அந்தப் பதவியில இருக்கறவர். பஞ்சாப்ல பிறந்தவர், கனடாவுல பண்ணைத் தொழிலாளர்களுக்காக சங்கம் கட்டினவங்கள்ல முக்கியமானவர். 46-க்கு 46. 2025 மே மாசம், கட்டுமானத் திட்டங்களுக்கு சீக்கிரமா அனுமதி கொடுக்கற ஒரு மசோதா ஓட்டுக்கு வந்தது. பூர்வகுடித் தலைவர்கள் பலர் எதிர்த்தாங்க, பசுமைக் கட்சியும் எதிர்ப் பக்கம் நின்னுது. ரெண்டு பக்கமும் எண்ணினா சமம். சவுகான் எழுந்து அரசு பக்கம் ஓட்டுப் போட்டார், மசோதா நிறைவேறிடுச்சு.